இச்சையடக்கமும் நித்திய பலனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாடக் குழு ஒன்றை நடத்தத் தொடங்கியபோது, அங்கே கேட்கப்படும் கேள்விகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் வழக்கத்தையும் தொடங்கினேன். இச்சையடக்கத்தைப் பற்றிய கேள்விகளை முன்பக்கத்திலிருந்தும், பரலோகப் பலனைப் பற்றியவற்றைப் பின்பக்கத்திலிருந்தும் எழுதி வந்தேன். இரண்டும் நடுவில் சந்தித்தபோதுதான், கேட்டவர்கள் பலரும் ஒரே சந்தேகத்தை இரண்டு விதமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பது புரிந்தது. கேள்விகளை இயன்ற வரையில் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தந்திருக்கிறேன். வசனங்கள், சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பைத் தழுவியவை.

இச்சையடக்கம் என்றால் ஆசையே இருக்கக் கூடாது என்று அர்த்தமா?

இல்லை. புதிய ஏற்பாட்டில் இதற்கு வரும் கிரேக்கச் சொல் எங்க்ராத்தேயா. வலிமை, ஆளுகை என்ற பொருள் தரும் வேரிலிருந்து அது பிறந்தது. தன்னைத் தன் கைக்குள் வைத்திருப்பதை அது குறிக்கிறது. பசியும் உறக்கமும் தாம்பத்திய அன்பும், நம்மை யாராவது நல்ல வார்த்தை சொல்லமாட்டார்களா என்ற ஏக்கமும்கூட, தேவன் மனுஷனுக்குள் வைத்தவையே. அவை நமக்கு வேலை செய்கின்றனவா, நாம் அவற்றுக்கு வேலை செய்கிறோமா என்பதைத்தான் வேதம் கேட்கிறது. "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 6:12).

ஏசா பசியோடு வீட்டுக்கு வந்தது பாவமில்லை. அந்த ஒரு வேளைப் பசி தீர வேண்டும் என்பதற்காகத் தன் சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, விற்றுப்போட்டதே அவனுடைய வீழ்ச்சி (எபிரெயர் 12:16). பசி அடுத்த வேளை திரும்ப வந்திருக்கும், விற்றது வரவில்லை. நீதிமொழிகள் 25:28 இப்படிப்பட்டவனை மதிலிடிந்த பட்டணத்துக்கு ஒப்பிடுகிறது. மதில் இல்லாத ஊருக்குள் நுழைய எந்தச் சத்துருவுக்கும் தந்திரம் தேவைப்படாது.

பவுல் ஏன் இதைச் சொல்லும்போது ஓட்டப்பந்தயத்தையும் சண்டையையும் இழுக்கிறார்?

அவர் எழுதியது கொரிந்து பட்டணத்தாருக்கு. அந்தப் பட்டணத்துக்கு அருகே, இஸ்த்மியா என்ற இடத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடந்தது. பவுல் கொரிந்தில் ஒரு வருஷமும் ஆறு மாதமும் தங்கியிருந்தார் (அப்போஸ்தலர் 18:11). அக்காலத்தில், கொரிந்து அடங்கிய அகாயா என்ற ரோம மாகாணத்தின் அதிபதியாக இருந்த கல்லியோனின் பெயர் டெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் காணப்படுவதால், அது கி.பி. 51ஐ ஒட்டிய காலம் என்று கணக்கிடப்படுகிறது. ஆகவே அவர் பேசும் ஓட்டக்காரர்களும் மல்லர்களும் அவருடைய வாசகர்கள் கண்ணால் கண்டவர்கள்.

அங்கே வென்றவனுக்குச் சூட்டப்பட்டது பைன் மரத் தழையால் கட்டிய மாலை. சில காலங்களில் காய்ந்த செலரித் தழையாலும் அதைக் கட்டினார்கள். ஒலிம்பியாவில் போட்டியிட வந்தவர்கள், பத்து மாதம் விதி தவறாமல் பயிற்சி செய்ததாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது என்று பண்டைய கிரேக்கப் பயணி ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். பத்து மாத உணவுக் கட்டுப்பாடு, விடியற்காலைப் பயிற்சி, வலி எல்லாவற்றுக்கும் முடிவில் கிடைப்பது சில நாளில் சருகாகும் ஒரு தழை. "அவர்கள் அழிவுள்ள கிரீடத்தைப் பெறும்படிக்கு அப்படிச் செய்கிறார்கள், நாமோ அழிவில்லாத கிரீடத்தைப் பெறும்படிக்கு அப்படிச் செய்கிறோம்" (1 கொரிந்தியர் 9:25) என்பதை அந்தத் தழையை மனதில் வைத்து வாசிக்க வேண்டும். பவுல் அந்த வீரர்களை இகழவில்லை. சருகுக்காக இவ்வளவு பாடுபடுகிறவர்கள் இருக்க, நாம் ஏன் இவ்வளவு சோம்பலாக இருக்கிறோம் என்று நம்மைக் கேட்கிறார். அடுத்த வசனத்தில் "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்" என்கிறார். நம் மொழிபெயர்ப்பாளர்கள் சிலம்பம் என்ற சொல்லை அங்கே வைத்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் ஒன்று. காற்றில் கம்பு சுழற்றுவது வேறு, எதிராளியின் முன் நிற்பது வேறு என்பது நமக்கு விளக்கமில்லாமலே புரிகிறது.

இரட்சிப்பு இலவசம் என்கிறீர்கள். அப்படியானால் பலன், கிரீடம் என்ற பேச்சு எதற்கு?

நோட்டுப் புத்தகத்தில் அதிக முறை எழுதப்பட்ட கேள்வி இதுதான். 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு கட்டடத்தைக் காட்டுகிறார். அஸ்திபாரம் ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. அது இயேசு கிறிஸ்து. அதை நாம் போடவும் இல்லை, விலை கொடுக்கவும் இல்லை. அதன்மேல் ஒருவன் பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல் இவற்றால் கட்டலாம். மரம், புல், வைக்கோலாலும் கட்டலாம். நியாயத்தீர்ப்பின் நாளானது வந்து அக்கினியால் சோதிக்கும்போது, கட்டினது நிலைத்தால் கூலி உண்டு. வெந்துபோனால் நஷ்டம் உண்டு. ஆனால் கட்டினவனைப் பற்றி, "அவனோ இரட்சிக்கப்படுவான், அதுவும் அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோலிருக்கும்" என்று 15ஆம் வசனம் சொல்கிறது.

ஆகவே இரட்சிப்பு அஸ்திபாரத்தைச் சேர்ந்தது, பலன் கட்டடத்தைச் சேர்ந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போது இரண்டு விதமான துன்பம் நேரிடுகிறது. ஒருவர் தன் ஒழுக்கத்தால் பரலோகத்துக்கு விலை கொடுக்கப் பார்த்துக் களைத்துப்போகிறார். இன்னொருவர், எல்லாம் இலவசம்தானே என்று வைக்கோலை அள்ளிக் குவிக்கிறார். கிருபையினால் இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் அல்ல என்று எபேசியர் 2:8, 9 சொன்ன மறுகணமே, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று 10ஆம் வசனம் சொல்கிறது. மூன்று வசனங்களையும் ஒரே மூச்சில் வாசிக்கும்படி இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வதுண்டு.

பலனுக்காக ஒழுக்கமாக இருப்பது சுயநலம் இல்லையா? அன்புக்காக அல்லவா இருக்க வேண்டும்?

நல்ல மனசாட்சி உள்ளவர்களே இதைக் கேட்கிறார்கள். ஆனால் கர்த்தரே பலனைக் காட்டிப் பேசியிருக்கும்போது, அவரைவிட நாம் உயர்ந்த நோக்கம் உடையவர்களாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பரலோகத்திலே பொக்கிஷங்களைச் சேர்த்து வையுங்கள் என்றவர் அவர். மோசே எகிப்தின் பொக்கிஷங்களைவிடக் கிறிஸ்துவினிமித்தம் வரும் நிந்தையை மேலாக எண்ணியதற்குக் காரணமாக, "இனிவரும் பலன்மேல் நோக்கமாயிருந்து" என்கிறது எபிரெயர் 11:26. தேவன் தம்மைத் தேடுகிறவர்களுக்குப் பலன் அளிக்கிறவர் என்று விசுவாசிப்பது விசுவாசத்தின் ஒரு பகுதி என்றே அதே அதிகாரத்தின் 6ஆம் வசனம் சொல்கிறது.

எந்தப் பலன் என்பதைப் பொறுத்தே அது சுயநலமா இல்லையா என்று தீர்மானிக்க முடியும். பணத்துக்காக ஒரு பெண்ணை மணக்கிறவன் சுயநலக்காரன். அவளோடு வாழ வேண்டும் என்பதற்காக மணக்கிறவனை அப்படிச் சொல்லமாட்டோம், ஏனென்றால் அவன் அடைய விரும்புவது அன்பு இயல்பாகவே விரும்புகிற ஒன்று. ஆபிராமிடம் கர்த்தர், "நான் உனக்குக் கேடகமும் உனக்கு மகா பெரிய பலனுமாயிருக்கிறேன்" என்றார் (ஆதியாகமம் 15:1). எல்லாக் கிரீடங்களுக்கும் உள்ளே இருக்கும் பலன் அவரே. அவரை அடையும் ஆசையைச் சுயநலம் என்று அடக்க முயல்வது வீண் பாரம்.

மொத்தம் எத்தனை கிரீடங்கள்? ஐந்து என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன்.

பந்தயத்தில் அழிவில்லாத கிரீடம் (1 கொரிந்தியர் 9:25), ஆத்துமாக்களைக் குறித்த மகிழ்ச்சியின் கிரீடம் (1 தெசலோனிக்கேயர் 2:19), நீதியின் கிரீடம் (2 தீமோத்தேயு 4:8), ஜீவகிரீடம் (யாக்கோபு 1:12, வெளிப்படுத்தல் 2:10), மேய்ப்பர்களுக்கு மகிமையுள்ள வாடாத கிரீடம் (1 பேதுரு 5:4) என்று ஐந்து பெயர்கள் வருவது உண்மை. அவற்றை ஐந்து தனித்தனிப் பரிசுகளாக எண்ணிப் பட்டியலிட வேதம் நம்மைக் கேட்கவில்லை. இங்கெல்லாம் வரும் கிரேக்கச் சொல் ஸ்தெஃபனோஸ். வென்றவனுக்குச் சூட்டும் மாலையைக் குறிக்க அது வழங்கியது. அரசனின் மகுடத்துக்கு தியாதேமா என்ற வேறு சொல் உண்டு. எத்தனை கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, வெயிலில் ஓடி முடித்தவனின் நெற்றியில் வைக்கப்படும் தழையை நினைத்துப் பார்ப்பதே அந்த வசனங்களுக்குப் பொருத்தமாகும்.

விசுவாசிக்கும் நியாயத்தீர்ப்பு உண்டா? ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ரோமர் 8:1 சொல்கிறதே!

ஆக்கினைத்தீர்ப்பு, அதாவது குற்றவாளி என்று தண்டிக்கும் தீர்ப்பு இல்லை, கணக்குக் கேட்பது உண்டு. "நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்திற்கு முன்பாக வெளிப்படவேண்டும்" (2 கொரிந்தியர் 5:10) என்று எழுதியவரும் ரோமர் 8:1ஐ எழுதியவரும் ஒருவரே. நியாயாசனம் என்பதற்கு அவர் பயன்படுத்திய சொல் பேமா. கொரிந்தின் சந்தை வெளியில் அதிபதி உட்காரும் கல்மேடைக்கு அதே பெயர்; பவுல் கல்லியோன் முன்பாக நிறுத்தப்பட்டது அங்கேதான், அந்த மேடையின் இடிபாடுகள் இன்றும் அங்கே உள்ளன. மூன்றாம் கேள்வியில் சொன்ன அக்கினிச் சோதனையை இதோடு சேர்த்து வாசியுங்கள். அங்கே எரிவது கட்டடம், ஆள் அல்ல.

எனக்கு ஆறுதல் தரும் வசனம் 1 கொரிந்தியர் 4:5. இருளில் மறைந்திருக்கிறவைகளைக் கர்த்தர் வெளியரங்கமாக்குவார் என்று பயத்தோடு வாசித்துக்கொண்டு வரும்போது, "அப்பொழுது அவனவனுக்குரிய புகழ்ச்சி தேவனால் உண்டாகும்" என்று அது முடிகிறது. மறைந்திருப்பவை எல்லாம் குற்றங்கள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். யாரும் காணாத நன்மைகளும் அங்கே மறைந்திருக்கின்றன.

நான் ஊழியம் எதுவும் செய்யவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளவே நாள் போதவில்லை. எனக்கு என்ன பலன் இருக்கப்போகிறது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட சகோதரியின் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. இரண்டு மணி இருக்கும்; அம்மா மூன்றாம் முறையாக அழைத்தார்கள். மகள் எழுந்து போய் நனைந்த விரிப்பை உருவி, உடம்பைத் துடைத்து, புது விரிப்பைப் பாதி பாதியாக அடியில் நுழைத்து விரித்தார். அம்மாவுக்கு நினைவு தடுமாறியிருந்தது. "நீ யார், என்னை ஏன் தொந்தரவு செய்கிறாய்" என்று கடுமையாகக் கேட்டார்கள். அந்தச் சகோதரியின் வாயில் ஒரு பதில் வந்து நின்றதை விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தேன். உதட்டைக் கடித்து அதை விழுங்கிவிட்டு, "தூங்குங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

நாவை அடக்குகிறவன் தன் சரீரம் முழுவதையும் அடக்கக் கூடியவன் என்று யாக்கோபு 3:2 சொல்கிறது. பட்டணத்தைப் பிடிக்கிறவனைவிடத் தன் மனதை அடக்குகிறவன் உத்தமன் என்கிறது நீதிமொழிகள் 16:32. ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவனும் தன் பலனை அடையாமற் போகான் என்று கர்த்தர் உறுதியாகச் சொல்லியிருக்க (மத்தேயு 10:42), இரவு இரண்டு மணிக்கு விழுங்கப்பட்ட அந்த ஒரு வார்த்தையை அவர் மறந்துவிடுவாரென்று நான் நம்பவில்லை. ஊழியம் என்று நாம் பெயர் கொடுத்தவற்றுக்கு மட்டும் பலன் என்று வேதத்தில் எங்கும் இல்லை. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது.

பரலோகத்தில் எல்லோரும் சமம்தானே? திராட்சத்தோட்ட எஜமான் வேலைக்காரர் எல்லோருக்கும் ஒரே கூலிதானே கொடுத்தார்?

மத்தேயு 20இல், விடியற்காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவனுக்கும் ஒரு பணமே கிடைக்கிறது. லூக்கா 19இலோ, ஆளுக்கு ஒரு ராத்தல் திரவியம் பெற்றவர்களில் பத்து சம்பாதித்தவன் பத்துப் பட்டணங்களுக்கும், ஐந்து சம்பாதித்தவன் ஐந்துக்கும் அதிகாரியாகிறான். முதல் உவமை, எஜமானின் தாராளத்தைக் கண்டு முறுமுறுக்கிறவனைத் திருத்துகிறது. இரண்டாவது, கொடுக்கப்பட்டதைச் சீலையில் முடிந்து வைத்த சோம்பேறியைத் திருத்துகிறது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடித்துவிடக் கூடாது.

மத்தேயு 25இல் ஐந்து தாலந்து பெற்றவனுக்கும் இரண்டு பெற்றவனுக்கும் எஜமான் சொல்லும் வார்த்தைகள் ஒன்றே. சம்பாதித்த தொகை வேறு, உண்மை ஒன்று. பலனில் வித்தியாசம் உண்டு என்றே நான் வேதத்தை வாசிக்கிறேன். ஆனால் அது வாங்கிய வாய்ப்பின் அளவைப் பொறுத்ததில்லை, வாய்ப்பை வைத்து நடந்துகொண்ட உண்மையைப் பொறுத்தது.

அப்படியானால் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு?

அவன் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கைப் பெற்றான். நான்காம் கேள்வியின் பதிலை நினைவில் வைத்தால், உச்சமான பலன் அவனுக்குக் கிடைத்துவிட்டது. அவனுக்கு மீந்திருந்தது சில மணி நேரம்; அதில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், பக்கத்துக் கள்ளனைக் கடிந்துகொண்டான், எல்லோரும் பரிகசித்தவரை ஆண்டவர் என்று அழைத்தான். இன்னும் நாற்பது ஆண்டுகள் இருக்கிறதென்று எண்ணிக்கொண்டு அவனை உதாரணம் காட்டுகிறவர்கள், அவனிடமிருந்து கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை.

உபவாசம், தரையில் படுப்பது, உடம்பை வருத்துவது... இதெல்லாம் எவ்வளவு தூரம் போகலாம்?

உபவாசம் கர்த்தர் எதிர்பார்த்த ஒன்று. "நீங்கள் உபவாசிக்கும்போது" என்றுதான் அவர் தொடங்குகிறார். ஆதிச்சபையின் மிகப் பழைய ஒழுங்கு ஏடுகளில் ஒன்றான திதாக்கே, புதனும் வெள்ளியும் உபவாசிக்கும்படி சொல்கிறது. அதே நேரத்தில் "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்று கட்டளைகளை அடுக்கிச் சரீரத்தை ஒடுக்குவது ஞானம்போலத் தோன்றினாலும் மாம்சத்தை அடக்க உதவாது என்று கொலோசெயர் 2ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. 1505இல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்த, பிற்காலத்தில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர், உபவாசத்தாலும் குளிராலும் தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் வருந்தினார்; ஆனாலும் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் என்பதைக் கண்டுகொண்ட பிறகும், 1520இல் எழுதிய சிறுநூல் ஒன்றில், உபவாசம், விழிப்பு, உழைப்பு இவற்றால் சரீரத்தைப் பழக்க வேண்டும் என்றே எழுதினார். எதற்காக என்ற நோக்கம்தான் மாறியிருந்தது.

என் அளவுகோல் இது. செய்து முடித்த பிறகு ஜெபிக்கவும் பிறரை நேசிக்கவும் எனக்கு அதிகம் முடிகிறதென்றால் அது பயிற்சி. எரிச்சலும் பெருமையும்தான் மிஞ்சுகிறதென்றால் வேறு எதுவோ நடந்திருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், உணவைக் குறித்த மனநோயால் அவதிப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசிக்க வேண்டாம். உணவைத் தவிர வேறு எத்தனையோ காரியங்களை ஒதுக்கி வைக்க முடியும்.

இச்சையடக்கம் ஆவியின் கனி என்றால், நான் ஏன் முயற்சி செய்ய வேண்டும் பிரதர்? கனி தானாகத்தானே வரும்?

கனி தானாக வருவது உண்மை. தோட்டம் தானாக வருவதில்லை. கலாத்தியர் 5:23 அதைக் கனி என்கிறது. 2 பேதுரு 1:5, 6 அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய் ஞானத்தோடே இச்சையடக்கத்தைக் கூட்டி வழங்குங்கள் என்கிறது. பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறது: நீங்கள் பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன். தேவன் செய்கிறார் என்பது நான் சும்மா இருப்பதற்கான காரணமாக அங்கே சொல்லப்படவில்லை. நான் எழுந்திருப்பதற்கான காரணமாகச் சொல்லப்படுகிறது. தீத்து 2:11, 12இன்படி, லௌகிக இச்சைகளை வெறுக்கும்படி நமக்குப் போதிப்பதே தேவகிருபைதான்.

எங்கே தொடங்குவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.

ஒன்றே ஒன்றில் தொடங்குங்கள். அது எவ்வளவு சிறியதென்று வெட்கப்பட வேண்டாம். என் போராட்டம் கைபேசியோடு இருந்தது. காலையில் வேதத்தைத் திறந்து வைத்துவிட்டு, மணி பார்ப்பதற்காகக் கைபேசியை எடுப்பேன். கட்டைவிரல் தானாகவே திரையை மேலே தள்ளத் தொடங்கும். நாற்பது நிமிடம் கழித்து நிமிர்ந்தால், சங்கீதம் திறந்த பக்கத்திலேயே காத்திருக்கும். தீர்மானங்கள் எடுத்தேன், கண்ணீரோடும் எடுத்தேன். நான்கு நாள் தாங்கவில்லை. கடைசியில் சிறிய கடிகாரம் ஒன்று வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கைபேசியை இரவிலேயே வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அதுதான் உதவியது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை யோசேப்பிடமிருந்து கற்றேன். போத்திபாரின் மனைவியோடு நின்று தன் மனவலிமையை நிரூபிக்க அவன் முயலவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடிப்போனான். யோபு தன் கண்களோடே உடன்படிக்கை பண்ணினான், அதாவது சோதனை வரும் முன்பே தீர்மானித்தான். தானியேலும் ராஜாவின் போஜனம் மேசைக்கு வரும் முன்பே இருதயத்தில் தீர்மானம்பண்ணினான். சோதனை வந்து நின்ற பிறகு எடுக்கும் முடிவு பெரும்பாலும் பலவீனமாகவே இருக்கிறது. உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் உண்மையைச் சொல்லி வைப்பதும் பெரிய பாதுகாப்பு.

ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். என் கிரீடம் போய்விட்டதா?

போகவில்லை. பேதுரு மூன்று முறை மறுதலித்தான். வாடாத கிரீடத்தைப் பற்றி எழுதியவன் அதே பேதுருதான். நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான் (நீதிமொழிகள் 24:16). விழுந்த அன்றே எழுந்திருங்கள். இந்த வாரம் எப்படியும் கெட்டுவிட்டது, அடுத்த திங்கட்கிழமை தொடங்கலாம் என்ற எண்ணம்தான் விழுகையைவிட அதிக நஷ்டம் செய்கிறது. பேலிக்ஸ் என்ற அதிபதியிடம் பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது அவன் பயந்து நடுங்கி, "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான் (அப்போஸ்தலர் 24:25). அதற்குப் பிறகும் பலமுறை அழைப்பித்துப் பேசினான்; ஆனால் அது லஞ்சம் கிடைக்கும் என்ற எண்ணத்தில். இரண்டு வருஷம் கழிந்தது, அந்தச் சமயம் வந்ததாக எழுதப்படவில்லை.

இவ்வளவு கட்டுப்பாடாக வாழ்கிறேன். இஷ்டம்போல வாழ்கிற விசுவாசிகளைப் பார்த்தால் கோபமாக வருகிறது. இது தவறா?

தவறுதான், அதுவும் ஆபத்தான தவறு. வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்த பரிசேயனின் ஒழுக்கத்தில் குறையில்லை. ஆலயத்தில் ஜெபிக்கும்போது, அதை வரி வசூலிக்கும் ஆயக்காரனுக்கு எதிராக நிறுத்தியதில்தான் எல்லாம் கெட்டது (லூக்கா 18). மனுஷர் காணும்படி செய்கிறவர்களைக் குறித்து, "தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது" என்கிறார் கர்த்தர் (மத்தேயு 6). அங்கே வரும் கிரேக்கச் சொல், அக்காலப் பற்றுச்சீட்டுகளில் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதப் பயன்பட்டது. பிறரைப் பார்த்து ஒரு கணம் உயர்வாக உணர்ந்தால், அந்த உணர்வே நமக்கான கூலி. மீதி எதுவும் வர வேண்டியதில்லை. கட்டளையிடப்பட்ட யாவற்றையும் செய்த பிறகும் "கடமையைமாத்திரம் செய்தோம்" என்று சொல்லும்படி லூக்கா 17:10 கற்பிப்பது இந்த ஆபத்திலிருந்து நம்மைக் காக்கவே.

கத்தோலிக்கர் பேறுபலன் என்கிறார்கள். நாம் சொல்லும் பலனும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்குத் தூரமும் இல்லை. பேறு என்பது நற்செயலால் கிடைக்கும் தகுதி. 1547இல் கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம், கிருபையில் இருக்கும் ஒருவரின் நற்செயல்கள் நித்திய ஜீவனுக்கு உண்மையாகவே பேறாக அமைகின்றன என்று தீர்மானித்தது; அந்தப் பேறுகளே தேவனுடைய கொடைகள்தாம் என்றும் அதே தீர்மானத்தில் சொன்னது. சீர்திருத்த சபைகள் நித்திய ஜீவனைப் பேறாகப் பேச மறுத்து, பலனைக் கிருபையின்மேல் கிருபையாகவே பேசுகின்றன. நான் பின்பற்றுவது இரண்டாவதை. தேவன் நம் பேறுகளுக்கு முடிசூட்டும்போது தம்முடைய ஈவுகளுக்கே முடிசூட்டுகிறார் என்ற, பழைய சபைப் போதகர் அகஸ்தீனின் கருத்தை இரு தரப்பும் மதிக்கின்றன.

பவுலே "நான்தானே ஆகாதவனாய்ப் போகாதபடிக்கு" என்று பயப்படுகிறாரே! அவர் இரட்சிப்பை இழந்துவிடக் கூடுமா?

1 கொரிந்தியர் 9:27இல் உள்ள அந்தச் சொல் அதோகிமோஸ். சோதித்துப் பார்த்துத் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட ஒன்றைக் குறிக்கும். பந்தயப் பேச்சின் நடுவில் வருவதால், பரிசை இழப்பதையே அது குறிக்கிறது என்கிறார்கள் சிலர். மூன்றாம் கேள்வியில் பார்த்த நஷ்டத்தோடு அது பொருந்துகிறது. வேறு சிலர், அதே சொல் 2 கொரிந்தியர் 13:5இல் கிறிஸ்து தங்களுக்குள் இல்லாதவர்களைக் குறிக்க வருவதையும், 1 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்தில் மடிந்த இஸ்ரவேலரைப் பற்றிய எச்சரிப்பு தொடர்வதையும் காட்டி, இது அதைவிடப் பாரமான எச்சரிப்பு என்கிறார்கள்.

இரண்டாவது கருத்துக்கு வலு அதிகம் என்று நான் எண்ணுகிறேன். அதனால் பவுல் தன் இரட்சிப்பைக் குறித்து இரவெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தார் என்றாகாது. ஒன்றும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்று நிச்சயித்தவர் அவரே. தேவன் தம்முடையவர்களை இப்படிப்பட்ட எச்சரிப்புகளைக் கொண்டே காத்துக்கொள்கிறார். மலைப்பாதையின் விளிம்பில் உள்ள கைப்பிடிச்சுவர், விழுந்துவிடுவோம் என்று அறிவிக்க அங்கே கட்டப்படவில்லை. அதே நேரத்தில் அதற்கு அப்பால் பள்ளம் இருப்பதும் பொய்யில்லை.

கடைசியில் கிரீடத்தையெல்லாம் அவர் பாதத்திலேயே வைத்துவிடப்போகிறோம் என்றால், அதைப் பெறுவதற்கு இவ்வளவு பாடு எதற்கு?

வெளிப்படுத்தல் 4:10இல் இருபத்துநான்கு மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைச் சிங்காசனத்துக்கு முன்பாக வைக்கிறார்கள். எல்லா விசுவாசிகளும் அப்படிச் செய்வார்கள் என்று வசனம் நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் அவரைக் கண்ட பிறகு யாருக்குத் தன் தலையில் எதையாவது வைத்துக்கொண்டு நிற்கத் தோன்றும்?

சம்பளம் வாங்கத் தொடங்கிய மகன், முதல் மாதச் சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுக்கிறான். படிக்க வைத்தவரும், ஊட்டி வளர்த்தவரும் அவரே. அந்தப் பணம் ஒருவகையில் அவருடையதுதான், அவருக்கு அது தேவையும் இல்லை. எப்படியும் கொடுத்துவிடப்போகிறேனே, நான் ஏன் வேலைக்குப் போனேன் என்று அந்த மகன் கேட்கமாட்டான். கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று அவன் அந்த மாதம் முழுவதும் ஆசைப்பட்டதே அந்த நிமிஷத்துக்காகத்தான்.